சப்பாத்துகளை மட்டும் பார்த்தவர்: பலேர்மோவில் ஒரு வியாழக்கிழமை நாடகம்

அளவையியல் வகுப்பில் ஒரு மாணவி என்னிடம் ஒருமுறை கேட்டாள்: "சேர், வாக்கு வாங்கின ஆளுக்கே அது மறந்து போச்செண்டால், பிறகும் அது வாக்கோ?"

நான் உடனே ஓர் உதாரணம் சொன்னேன். "திங்கட்கிழமை சோதனை வைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு நான் மறந்திட்டன் எண்டு வையுங்கோ. உங்களிலை ஆர் எழும்பி ஞாபகப்படுத்துவியள்?" வகுப்பு சிரித்தது, மணி அடித்தது. உதாரணமே தலைகீழ். அதில் மறந்தவர் வாக்குக் கொடுத்தவர். அவள் கேட்டதோ வாங்கியவரைப் பற்றி. அவள் அதைக் கவனித்திருப்பாள். புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

அந்தக் கேள்வியை நான் மறுபடி சந்தித்தது 1996 நவம்பரில், இத்தாலியின் தெற்கே, பலேர்மோவில். அப்போது ஓய்வு பெற்று லண்டனில் மகனோடு இருந்தேன். வலைப்பதிவு எழுதும் வழக்கமெல்லாம் அன்று இல்லை. டயரி மட்டும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நேரங்களையும் விலைகளையும் எழுதுகிறேன்.

போன காரணம் ஒரு கடிதம். என் மனைவியின் தங்கை மலர் பலேர்மோவில் ஒரு முதிய பெண்ணைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். அவள் கணவன் தேவனுக்கு மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. மலரின் கடிதத்துக்குள் ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. நான் விரும்பிப் படிக்கும் ஆங்கில நாடகாசிரியர் ஒருவரின் நாடகம் அங்கே இத்தாலிய மொழியில் மேடையேறுகிறது என்ற அறிவித்தல் அது. கீழே மலர் எழுதியிருந்தாள்: "உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும் அத்தான். கடிதத்திலை எழுதேலாது."

அந்த நாடகாசிரியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயரை எழுதவில்லை. பல வருடத்துக்கு முந்தைய ஞாபகத்தில் அவர் நாடகங்களை நான் திரித்துச் சொல்லக்கூடும். அந்தப் பழி அவருக்கு வேண்டாம். அவருடைய பாத்திரங்கள் சாதாரண மனிதர்கள், ஆனால் சிக்கிக்கொள்வது மெய்யியல் கேள்விகளில். ஒரு நாடகத்தில் வெளிச்சவீட்டுக் காவலர் முப்பது வருடம் விளக்கேற்றுகிறார், ஒரு கப்பலும் அந்த வழியால் வரவில்லை. அவர் வேலை செய்தாரா, இல்லையா? இன்னொன்றில் இரண்டு நில அளவையாளர்கள் ஒரு தீவின் படத்தை வரைகிறார்கள். கரை என்பது கடல் வற்றும்போதுள்ள கோடா, பெருகும்போதுள்ள கோடா என்று சண்டை. நாடகம் முடியும்போது தீவு யாருடையது என்பதே குழம்பிப்போகும். சிரிப்போம், வீட்டுக்கு வந்த பிறகுதான் தலையிடி தொடங்கும்.

பலேர்மோவில் நடந்தது மூன்றாவது நாடகம். இரண்டு சகோதரர்கள் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருக்கிறார்கள். மூத்தவருக்கு மறதி நோய் தொடங்குகிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே அவர் தம்பியிடம் ஒரு வாக்கு வாங்குகிறார்: "ஜன்னலோரத்து மேசையை விற்காதே. பின்னால் நானே வந்து விற்கச் சொன்னாலும் விற்காதே." இரண்டு வருடம் கழித்து அவரே வந்து விற்கச் சொல்கிறார். தம்பி எந்த அண்ணனின் சொல்லைக் கேட்பது, அன்றைய அண்ணனையா, இன்றைய அண்ணனையா? நாடகம் முழுக்க இதுதான்.

பயணம் இப்படி: லண்டனிலிருந்து ரோம் வரை விமானம். ரோமிலிருந்து நாப்போலிக்கு இரண்டேகால் மணி நேர ரயில். நாப்போலியில் மாலை எட்டு மணிக் கப்பல். சாய்ந்து படுக்கும் கதிரைக்கு எழுபத்தோராயிரம் லீரா. காலை ஆறு நாற்பதுக்குப் பலேர்மோ துறைமுகம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இத்தாலி விசா எடுக்கப் பதினொரு நாள் ஆனது. கப்பல் கரையை நெருங்கும்போது மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். மலைகள் நகரத்தைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருப்பதை அங்கிருந்துதான் முழுதாகப் பார்க்கலாம்.

தேவன் துறைமுகத்துக்கு வந்திருந்தான். நவம்பரில் மொண்டெல்லோவில் ஆளில்லை, அதனால் அவனுக்கு வேலையும் குறைவு. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டே தொடங்கினான்.

"என்ன அண்ணை, லண்டனிலை நாடகம் முடிஞ்சு போச்சோ? இத்தாலிக்காரன்ரை பாசையிலை பாக்கக் கடல் கடந்து வந்திருக்கிறியள்."

"அந்த நாடகம் எனக்குப் பாடமடா. பாசை தேவையில்லை."

"பாடமெண்டால் பிறகேன் பாக்கிறியள்?"

பெட்டியின் மற்றப் பக்கத்தை நானும் பிடித்தேன். இந்தக் குடும்பத்தில் எனக்கு விடை தெரியாத கேள்விகள் அதிகம்.

துறைமுகத்திலிருந்து அவர்கள் வீட்டுக்கு இரண்டு கிலோமீற்றர், நடந்தே போனோம். வீடு பல்லரோச் சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் இரண்டு அறை. சந்தையை ஊடறுத்துப் போகும்போது மீன் விற்பவர்கள் பாட்டுப் போலக் கூவுவார்கள். ஒரு கடையில் திருநீறு பூசிய மொரிசியஸ்காரர் ஒருவர் கறிவேப்பிலை வைத்திருந்தார். அவருக்குத் தமிழ் வணக்கத்தோடு முடிந்துவிடும். எனக்கு அவருடைய கிரியோல் தொடங்கவே இல்லை. கறிவேப்பிலையை இருவரும் முகர்ந்து பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். அதுவே போதுமாக இருந்தது.

மலர் கேட்க இருந்தது அன்று மாலையே வந்தது. அவள் மத்தி மீன் துப்புரவாக்கிக்கொண்டே சொன்னாள்.

அவள் பார்த்துக்கொண்ட சினியோராவுக்கு, அதாவது அந்த வீட்டு அம்மாவுக்கு, எழுபத்தொன்பது வயது. லிபெர்த்தா வீதியில் நாலாம் மாடி வீடு. ஒருகாலத்தில் நகரத்தின் பெரிய அரங்கில் வசனம் எடுத்துக்கொடுப்பவராக இருந்தவர். மேடையின் முன்பக்கத்தில் தரையில் ஒரு துளை இருக்கும். அதற்குள் உட்கார்ந்து, நடிகர் தடுமாறும்போது அடுத்த சொல்லை மெல்லச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. இந்த மணிக்கூட்டுக்கடை நாடகம் முதன்முதலில் இத்தாலிய மொழியில் வந்தபோதும் துளைக்குள் அவர்தான் இருந்தார். அந்தத் துளையிலிருந்து பார்த்தால் நடிகர்களின் கால் சப்பாத்துகள்தான் தெரியுமாம், முகம் தெரியாதாம்.

"நான் வேலைக்குப் போன புதுசு அத்தான். பாசை தெரியாது. அவ என்ன சொன்னாலும் 'சி, சினியோரா' எண்டுவன். இஞ்சை வந்த எல்லாரும் அப்பிடித்தானே, முதல் வருசம் முழுக்க ஓம்தான்! அப்ப ஒருநாள் அவ என்ரை கையைப் பிடிச்சு நீளமாக் கதைச்சா. நான் 'சி, சினியோரா' எண்டன். அவ அழுதா. எனக்கு ஏனெண்டு விளங்கேல்லை."

அடுத்த வருடம்தான் விளங்கியது. சின்ன எழுத்து வாசிக்கச் சினியோராவுக்குக் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு மாலையும் அந்த நாடகத்தின் பழைய தட்டச்சுப் பிரதியை மலர் உரக்க வாசிக்க வேண்டும். வாசித்து வாசித்தே மொழி வந்தது. பிறகு சினியோரா அதே வேண்டுகோளைத் திரும்பச் சொன்னபோது மலர் முழுவதையும் புரிந்துகொண்டாள்: "இந்த நாடகம் மறுபடி மேடைக்கு வந்தால் என்னை முன்னால் கதிரையில் உட்காரவை. பச்சைக் கோட்டைப் போட்டுவிடு. ஒருமுறையாவது அவர்களுடைய முகங்களைப் பார்க்க வேண்டும். என் மகள் வேண்டாம் என்பாள், நானே வேண்டாம் என்றாலும் விடாதே." மலர் மறுபடியும் சி என்றாள். இந்தமுறை தெரிந்துகொண்டே.

இப்போது நாடகம் வந்துவிட்டது. சினியோராவுக்கோ எல்லாம் மறந்துவிட்டது. மலரின் பெயர்கூடச் சில நாட்களில் நினைவில் இல்லை. மகள் வெளியே கூட்டிப்போகவே கூடாது என்று சொல்லியிருந்தாள். மகளைக் குறை சொல்ல முடியாது. அந்த வருட வசந்தத்தில் தாய் தனியே இறங்கிப்போய் நாலு மணி நேரம் காணாமல்போனார். துறைமுகத்தில் ஒரு வாங்கிலில், கப்பலுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தாராம். அன்றைய பயம் மகளுக்குப் போகவில்லை.

"சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் வேலை போகும்," என்றான் தேவன். "வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும். அதைத்தான் இவ சொல்லேல்லை."

பெர்மெஸ்ஸோ என்றால் அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதிப் பத்திரம். மலரின் பத்திரத்தை அடுத்த செவ்வாய்க்கிழமை புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேலை கொடுப்பவரின் கடிதம் தேவை. கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் அந்த மகள்.

"சொல்லுங்கோ அத்தான், நீங்கள் இதெல்லாம் படிப்பிச்ச ஆள். நான் அவவுக்குக் குடுத்தது இன்னும் வாக்கோ?"

நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருபது வருடம் கழித்து அதே கேள்வி! இந்தமுறை பகிடி விடாமல் ஒழுங்காகப் பதில் சொன்னேன். முதலாவது, நீ முதல் ஓம் சொன்னது புரியாமல். இரண்டாவது, புரிந்து சொன்னதை அவர் மறந்துவிட்டார், அதனால் அதைக் கேட்கும் உரிமையுள்ளவர் இப்போது இல்லை. மூன்றாவது, அவர் பொறுப்பு மகளிடம் இருக்கிறது, மகள் வேண்டாம் என்கிறாள். ஒரு கொடியை மூன்று இடத்தில் வெட்டினால் அது எதைத் தாங்கும் என்று உதாரணமும் கொடுத்தேன்.

மலர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசி மீனைக் கழுவி வைத்தாள்.

"நீங்கள் சொன்னதிலை ஒரு பிழையும் இல்லை அத்தான். ஆனா நான் பச்சைக் கோட்டை லொண்ட்ரிக்குக் குடுத்திட்டன்."

"பாத்தியளோ அண்ணை," என்றான் தேவன். "தீர்ப்பை எழுதிப்போட்டுத்தான் உங்களிட்டை வழக்குக் கொண்டு வந்திருக்கிறா."

இத்தாலியில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் விடுமுறை. வியாழன் பின்னேரங்களில் பூங்காக்களில் தமிழ்க் கதை கேட்கும். நம்மவர்களின் பிறந்தநாள், நிச்சயதார்த்தம் எல்லாம் அன்றைக்குத்தான். மலர் இல்லாத அந்த நேரத்தில் கட்டிடத்தின் காவற்காரப் பெண் சினியோராவுடன் வந்து இருப்பாள். நாடகத்துக்கும் வியாழக்கிழமை ஒரு பின்னேரக் காட்சி, ஐந்தேகாலுக்கு. மலர் காவற்காரப் பெண்ணிடம் இன்று நீ வரவேண்டாம் என்றாள்.

"என்ரை லீவு நேரம்தானே," என்றாள் எங்களிடம். "என்ரை நேரத்திலை நான் ஆரோடை நாடகத்துக்குப் போனால் என்ன?"

"நேரம் உன்ரை. தாய் ஆற்றை? மகளின்ரையெல்லே?" என்றான் தேவன். ஆனாலும் அன்று காலையில் தன் ஒரேயொரு நல்ல சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

நான்கு மணிக்கு லிபெர்த்தா வீதி வீட்டுக்குப் போனேன். சினியோரா ஜன்னலோரம் இருந்தார். சின்ன உருவம், மிக நேரான முதுகு. போவோமா என்று மலர் கேட்டதற்கு 'இல்லை' என்றார், தெளிவாக. மலர் வற்புறுத்தவில்லை. கோட்டைக் கொண்டுவந்து எதிரே இருந்த கதிரை முதுகில் போட்டுவிட்டு, தேநீர் போடப் போனாள். நானும் கிழவியும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாடகத்தில் தம்பி படும் பாட்டை எத்தனை முறை வாசித்திருப்பேன்! அதற்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் மறுபடி இல்லை என்றால் மலர் என்ன செய்வாள்? நான் என்ன சொல்வேன்?

நாலு இருபதுக்குச் சினியோரா எழுந்து நின்று, இரண்டு கைகளையும் பின்னால் நீட்டினார், கோட்டுப் போட்டுவிடச் சொல்லி.

வாடகைக் கார் ஒன்றரைக் கிலோமீற்றருக்குப் பன்னிரண்டாயிரம் லீரா. சாரதி கண்ணாடியில் பார்த்து, "அம்மாவுக்குக் கல்யாணமா?" என்று கேட்டார். "மாப்பிள்ளை இவர்," என்று மலர் என்னைக் காட்டினாள். சினியோரா என்னைத் திரும்பிப் பார்த்து, யோசித்து, வேண்டாம் என்று தலையசைத்தார். சாரதி சிரித்த சிரிப்பில் கார் ஒருமுறை துள்ளியது.

அரங்கு ஒரு சந்துக்குள் இருந்தது. நூற்றிருபது கதிரை இருக்கலாம். நுழைவுச்சீட்டு இருபதினாயிரம் லீரா, அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குப் பன்னிரண்டாயிரம். தேவன் வாசலில் எங்களுக்காகக் காத்து நின்றான். நாலு பேரும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். சினியோரா மேடையின் விளிம்பைத் தேடினார்.

"துளை எங்கே?"

"இல்லை சினியோரா. இப்போது அவர்களே ஞாபகம் வைத்திருக்கிறார்கள்," என்றாள் மலர்.

"பாவம் அவர்கள்," என்றார்.

முதல் அங்கம் முழுக்க அவர் அசையவில்லை. நடிகர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டாம் அங்கத்தில் அந்த இடம் வந்தது. தம்பி கேட்கிறான்: "எந்த நீ சொல்வதை நான் கேட்க?" மூத்தவர் பதில் சொல்லாமல் நிற்கிறார். நாடகாசிரியர் அந்த மௌனத்தை நீளமாக எழுதியிருக்கிறார். நடிகர் மறக்கவில்லை, நடிக்கிறார். ஆனால் நாற்பது வருடம் மௌனங்களுக்குள் சொல் போட்டவருக்கு அது தெரியுமா? இருட்டில் அவர் முன்னால் குனிந்து, மெல்லிய, தெளிவான குரலில் சொன்னார்: "ப்ரீமா..."

முதலில் என்று பொருள். அவ்வளவுதான் வந்தது. மிச்சம் வரவில்லை. அவர் கை கதிரையின் கையைப் பிடித்தது. உதடு அசைந்தது, சொல் இல்லை. முன் வரிசையில் இரண்டு தலை திரும்பியது.

மலர் அவர் காதருகே சாய்ந்தாள். "ஆப்ரி லா ஃபினெஸ்த்ரா," என்றாள், யாழ்ப்பாணத்து உச்சரிப்பில்.

"ஆப்ரி லா ஃபினெஸ்த்ரா," என்று சினியோரா மேடையைப் பார்த்துச் சொல்லி முடித்தார். முதலில் ஜன்னலைத் திற.

மூத்தவராக நடித்தவர் எங்கள் பக்கம் திரும்பினார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் இருட்டுக்குள் ஒரு கணம் பார்த்து, கேட்டுக்கொண்டேன் என்பதுபோல் தலையைத் தாழ்த்தி, அதே வரியைத் தன் வரியாகச் சொன்னார். நாடகம் தொடர்ந்தது. சினியோரா பின்னால் சாய்ந்துகொண்டார், ஒரு வேலையை முடித்தவரைப் போல.

ஏழே முக்காலுக்கு வீட்டில் விட்டோம். யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை மலர் சினியோராவிடம் மெல்லக் கேட்டபோது, நேற்று எங்கும் போகவில்லையே என்றாராம்.

"அப்ப சரி!" என்றான் தேவன். "சாட்சியே இல்லை. வாயைத் திறக்காதை. சனிக்கிழமை மகள் வந்து கையெழுத்துப் போடட்டும், செவ்வாய்க்கிழமை கொஸ்தூராவிலை பத்திரத்தைக் குடு, முடிஞ்சுது."

கொஸ்தூரா என்பது அந்தப் பத்திரங்களைப் பார்க்கும் காவல்துறை அலுவலகம். நானும் தேவன் சொன்னதே நல்லது என்றேன். யாருக்கும் தீங்கில்லை, கேட்கிறவரும் இல்லை. பொய் சொல்லச் சொல்லவில்லையே, சும்மா இரு என்றுதானே சொல்கிறோம்.

மலர் என் பக்கம் திரும்பினாள்.

"அவ மறந்திட்டா எண்டதுக்காக நான் போகேல்லை எண்டு ஆகுமோ அத்தான்? மறந்த மனிசிக்குக் குடுத்த வாக்கு வாக்குத்தான் எண்டுதானே கூட்டிக்கொண்டு போனன். இப்ப அந்த மறதியை எடுத்து நான் ஒளிக்கிறதோ?"

அளவையியல் ஆசிரியராக இருபத்தாறு வருடம் இருந்திருக்கிறேன். முன்னும் பின்னும் ஒன்றாயிருத்தல் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதை ஒருவர் தன் வேலையையும் நாட்டில் தங்கும் உரிமையையும் பணயமாக வைத்துச் செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை நான் சினியோரா வீட்டுக்கு விடைபெறப் போயிருந்தேன். மகள் பத்து மணிக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும், களைத்த முகம். கடிதமும் கைப்பையில் இருந்தது. கையெழுத்துக்கு முன்னால் மலர் வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னாள், நின்றபடியே. என் இத்தாலியம் போதவில்லை. பிறகு மலர் சொன்னபடி எழுதுகிறேன்.

மகள் முதலில் தாயிடம் கேட்டாள்: "அம்மா, வியாழக்கிழமை எங்கே போனீர்கள்?" "எங்கும் இல்லை," என்றார் தாய். மகள் மலர் பக்கம் திரும்பினாள்.

"சொல்லாமல் விட்டிருக்கலாமே?"

"ஓம், விட்டிருக்கலாம்."

"முதலிலேயே என்னிடம் ஏன் கேட்கவில்லை?"

"கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா?"

"இல்லை."

கைப்பையிலிருந்து கடிதம் வெளியே வந்தது. பிறகு மகள் கேட்டாள்: "எந்தக் கோட்டுப் போட்டிருந்தார்?"

"பச்சை. அவர் கேட்ட அதே கோட்டு."

மகள் சமையலறை மேசையில் கடிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டாள். மன்னிப்பும் சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. இனி வியாழன் பின்னேரம் காவற்காரப் பெண் வரத் தேவையில்லை, தானே வருவதாகச் சொன்னாள். நாங்கள் கிளம்பும்போது தட்டச்சுப் பிரதி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் வரை வாசித்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டாள். மலர் என்னை வழியனுப்பப் படி இறங்கி வந்தாள். மூன்றாம் மாடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. லீரா இப்போது இல்லை, அதனால் என் விலைகளை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் கம்பளி கொண்டுபோங்கள், கதிரைப் பகுதியில் குளிர். பல்லரோவுக்குக் காலை ஒன்பதுக்கு முன் போனால் நடக்க இடம் இருக்கும். மொண்டெல்லோ பதினொரு கிலோமீற்றர், பேருந்தில் அரை மணிக்கு மேல். கோடையில் கால் வைக்க இடமிராது. நவம்பரில் கடல் முழுக்க உங்களுக்கே. வியாழன் பின்னேரம் பூங்காவில் தமிழ் கேட்டால் வெட்கப்படாமல் போய்க் கதையுங்கள், தேநீர் கிடைக்கும். உள்ளூர் அரங்குகளில் பின்னேரக் காட்சி இருக்கிறதா என்று விசாரியுங்கள். மொழி தெரியாவிட்டாலும், முன்னமே படித்த நாடகமென்றால் புரியும்.

தேவனின் கேள்விக்கும் விடை கிடைத்தது. பாடமான நாடகத்தை ஏன் பார்க்க வேண்டும்? அது பாடமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்ததால்தான். அந்த மாணவி இப்போது எந்த நாட்டிலோ தெரியாது. இதைப் படித்தால் அவளுக்குச் சொல்கிறேன்: ஓம் பிள்ளை, பிறகும் அது வாக்குத்தான். எனக்குத் தெரிந்த நிரூபணம் ஒரு பச்சைக் கோட்டு மட்டுமே.

நீங்கள் யாரோ ஒருவருக்கு ஓம் என்று சொல்லி, அவர் மறந்துபோன ஒன்று இருக்கும். அதை இந்த வாரத்துக்குள் செய்துவிடுங்கள்.